மரக்காலும் கையடக்கக் கருவியும்

காவிரிப் படுகையில் நெல்லுக்கும் மனிதருக்கும் இடையே எக்காலத்திலும் ஓர் அளவைக்கருவி இருந்து வந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் ‘ஆடவல்லான்’ என்ற பெயரை அடிக்கடி எதிர்கொள்வார்கள். அது இறைவனின் பெயர். பொன் நிறுக்கும் கல்லின் பெயர். நெல் அளக்கும் மரக்காலின் பெயரும் அதுவே. இந்த மரக்கால் ‘இராஜகேசரி’ என்னும் மரக்காலோடு ஒக்கும் என்று முதலாம் இராஜராஜன் காலத்தில் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அளப்பவரும் அளந்து பெறுபவரும் ஒரே கருவியை நம்ப வேண்டுமென்றால், அது எதற்குச் சமம் என்பது ஊரறிய எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற அறிவு அன்றைக்கே இருந்தது.

மரக்கால் நீதியின் வடிவமாகவே எப்போதும் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் எத்தனையோ களங்களில் எத்தனையோ வயிறுகள் காய்ந்திருக்கின்றன. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்துபோனதற்குப் பின்னால் இருந்த கூலிப் போராட்டமும் நெல்லின் அளவைப் பற்றியதுதான். அதன்பின் 1969இல் வந்த நியாயக் கூலிச் சட்டம் கூலியை நெல்லளவாகவே வகுத்தது. ஆயினும் மரக்காலுக்கு ஒரு குணம் உண்டு. அது களத்தில் இருவர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும். அளப்பவர் தவறினால், ‘ஐயா, அது சரியில்லை’ என்று சொல்லக்கூடிய தொலைவில் எதிரே ஒரு மனிதர் நிற்பார். சொல்லும் துணிவு இருந்ததா, சொன்னவர் கதி என்ன ஆயிற்று என்பவை வேறு கேள்விகள். சொல்வதற்கு ஓர் ஆள் எதிரே இருந்தார் என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

இன்று அந்த இடத்தில் வேறொரு கருவி வந்து அமர்ந்திருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, தடித்த பிளாஸ்டிக் உறை, சிறு திரை, விரலை வைக்க ஒரு கண்ணாடிச் சதுரம், சீட்டு அச்சிட்டுத் தள்ளும் ஒரு வாய். மக்கள் வழக்கில் அது வெறும் ‘மெஷின்’. நியாயவிலைக் கடையில் அரிசி பெறுவதானாலும், கிளை அஞ்சலகத்தில் சேமிப்புப் பணம் எடுப்பதானாலும், பேருந்தில் சீட்டு வாங்குவதானாலும் இவ்வகைக் கருவி ஒன்றைக் கடக்காமல் முடிவதில்லை. நெல் கொள்முதலும் இதே வழிக்கு வந்துவிட்டது. இக்கருவியைப் பற்றி நமக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலக்கிய வாசகர்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நெல்லைப் பற்றியும் பசியைப் பற்றியும் இத்தனை கதைகள் படித்தவர்கள், அந்த நெல்லை இன்று அளப்பது எது என்று அறிந்திருக்க வேண்டாமா?

* * *

தூசி, வெயில், மழைத்துளி, கைதவறி விழுதல் ஆகியவற்றைத் தாங்கும்படி செய்யப்பட்ட இவ்வகைக் கருவிகள் உள்ளூர ஒரு செல்பேசியின் உறவினர்கள். ஒரு வானொலிக் கூறு, ஒரு சிம் அட்டை, ஒரு மின்கலம். அலைவரிசை ஏதாவது ஒன்றாவது கிடைக்கட்டும் என்று சிலவற்றில் இரண்டு சிம் அட்டைகள்கூட இருக்கும். இதைப் பணிக்கு ஆயத்தம் செய்யும் தொழில்நுட்பர் செய்யும் வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு.

முதலாவது தரவு. ‘ஏபிஎன்’ என்று சுருக்கமாக வழங்கும் அணுகுமுனைப் பெயரைக் கருவியில் எழுத வேண்டும். கருவியிலிருந்து கிளம்பும் தகவல், செல்பேசி நிறுவனத்தின் வலையிலிருந்து எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பதைச் சொல்லும் பெயர் அது. பொது இணையத்துக்குத் திறக்கும் வாசல் ஒன்று. அலுவலகங்களுக்கென்று தனியாக வைத்த வாசல் வேறு. அதற்கு மேல் ஒரு மறைகுறியீட்டுச் சுரங்கப்பாதை. அதன் மறுமுனையில் எங்கோ ஒரு நகரத்தில் வழங்கி என்னும் சர்வர். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டி விரலை வைத்தால், அந்த ரேகையின் குறிப்பு இந்தப் பாதை முழுவதும் ஓடி, அடையாள ஆணையத்தின் கிடங்கைத் தொட்டு, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையோடு திரும்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இரண்டாவது குரல். பலரும் அறியாத செய்தி இது: வானொலிக் கூறு ஒன்றுதான் என்றாலும், குரலும் தரவும் தனித்தனியே ஏற்பாடு செய்யப்பட வேண்டியவை. இரண்டாம் தலைமுறை வலையில் குரலுக்கென்று ஒரு தடம் முழுதாக ஒதுக்கப்படும். தரவோ பொட்டலம் பொட்டலமாகக் கிடைத்த இடைவெளியில் போகும். நான்காம் தலைமுறையில் குரலும் பொட்டலங்களாகவே போகிறது; ஆனால் அதற்கென்று தனி அமைப்பைக் கருவியும் வலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, அவற்றை வானொலிக் கூறோடு இணைக்கும் கம்பித்தடம், அழைப்பை எடுக்கவும் வைக்கவும் ஒரு மென்பொருள் எல்லாம் வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் கருவி ஊமை. விலைப்புள்ளி கேட்கும்போதே ‘தரவு மட்டும்’ என்று எழுதிவிட்டால் செலவு குறையும். பேச்சை அனுமதித்தால் ஊழியர் சொந்தக் கதை பேசிக் கட்டணத்தை ஏற்றிவிடுவார் என்ற அச்சமும் அலுவலகங்களுக்கு உண்டு. ஆகவே பெரும்பாலும் முதல் வேலை முடிந்ததும் தொழில்நுட்பர் எழுந்துவிடுகிறார்.

இங்கேதான் நம் கருத்து தொடங்குகிறது. மக்களின் உணவும் விளைச்சலும் கடந்து செல்லும் கருவி ஒன்றில் குரலை விட்டுவிடுவது சிக்கனம் ஆகாது. அது முறையீட்டின் வாசலை அடைப்பது. மரக்காலுக்கு எதிரே நின்ற மனிதர் இக்கருவிக்கு எதிரே இல்லை. அவர் வழங்கியின் அப்புறத்தில் இருக்கிறார். அவரிடம் எண்கள் மட்டுமே போய்ச் சேர்கின்றன.

* * *

நியாயவிலைக் கடையை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பொது விநியோகம், வறியவர் மட்டும் என்று வேலி போடாமல் எல்லோருக்கும் அரிசி கொடுப்பது. நாட்டில் பலரும் மெச்சிய ஏற்பாடு. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். 2017இல் தாள் அட்டைகள் போய் மின்னணு அட்டைகள் வந்தன. கடைதோறும் விற்பனை முனையக் கருவியும் வந்தது. அட்டையின் குறியீட்டைக் காட்டினால் போதும் என்பதே தொடக்க நிலை. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தோடு விரல்ரேகையும் சேர்ந்தது. வெளிமாநிலத்திலிருந்து இங்கு வந்து உழைப்பவர்கள் தம் பங்கை இங்கேயே பெறலாம் என்பது அத்திட்டத்தின் நல்ல பக்கம்.

ஆனால் விரல் என்பது தஞ்சைத் தரணியில் ஓர் உழைப்புக் கருவி. நாற்றுப் பறித்து, சேற்றில் நட்டு, களையெடுத்து, அரிவாள் பிடித்து வாழ்ந்த கைகளில் அறுபது வயதுக்கு மேல் ரேகை தேய்ந்து போகிறது. ‘ரேகை விழல’ என்பது இன்று கடை வாசல்களில் மிகச் சாதாரணமாகக் காதில் விழும் சொற்றொடர். அதற்கு அடுத்தது ‘டவர் இல்லை’. மூன்றாவது ‘சர்வர் வேலை செய்யல’. மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். முதலாவதற்கு வேறு விரலையோ, கருவிழியையோ, செல்பேசிக்கு வரும் கடவெண்ணையோ முயலலாம். இரண்டாவதற்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகலாம். மூன்றாவதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் வரிசையில் நிற்பவருக்கு மூன்றுக்கும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: ‘நாளைக்கு வாங்க ஆயா.’

நாளை என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. நடவுக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வரிசையில் நிற்பது ஒரு நாள் கூலி இழப்பு. கடை இரண்டு கல் தொலைவில் இருந்தால் இன்னும் கூடுதல். பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் 2016லேயே இதைப் பற்றி எச்சரித்தார்: கருவி, ரேகை, இணையம், தொலைவிலுள்ள வழங்கி, செல்பேசி வலை என்று எளிதில் முறியக்கூடிய பல கண்ணிகளும் ஒரே நேரத்தில் பிடித்து நின்றால்தான் ஏழைக்கு அரிசி கிடைக்கும் என்றால், அந்த ஏற்பாடு சரியானதா என்பதே அவர் வாதத்தின் சாரம். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் குடும்ப அட்டை நீக்கப்பட்ட வீடு ஒன்றில் 11 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பட்டினிச் சாவு என்று உணவு உரிமை இயக்கத்தார் கூறினர், அரசு மறுத்தது. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. ஆதார் இல்லை, ரேகை ஒத்துக்கொள்ளவில்லை, இணைப்பு இல்லை என்ற காரணங்களால் தகுதியுடைய எவருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம்.

ஆக, விதி இருக்கிறது. நம் மாநிலத்தில் நடக்க இயலாதவர் சார்பாக இன்னொருவர் பொருள் பெற அங்கீகாரச் சான்று என்ற வழியும் இருக்கிறது. ஆனால் விதி தலைநகரத்தில் இருக்கிறது. மூதாட்டி கடை வாசலில் இருக்கிறார். திரையில் பிழை எண் தோன்றும் அந்தக் கணத்தில், ‘மறுக்க வேண்டாம், இன்ன வழியில் பதிந்து கொடுங்கள்’ என்று விற்பனையாளரிடம் சொல்ல ஒரு குரல் இல்லை. விற்பனையாளரும் எளிய மனிதர். பதிவில்லாமல் பொருளைக் கொடுத்தால் இருப்புக் குறைவு அவர் தலையில் விழும். மின்னணுத் தராசையும் விற்பனைக் கருவியையும் 2025இல் இணைத்தபோது, ஒவ்வொரு அட்டைக்கும் நேரம் கூடுகிறது என்று முறையிட்டவர்கள் இந்த ஊழியர்கள்தாம். கருவி பேசாததால் மக்களின் ஏச்சு முழுவதையும் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

கடைச் சுவரில் 1967 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழைப்பவரிடம் செல்பேசி இருக்க வேண்டும். அட்டை எண்ணைப் படித்துச் சொல்லத் தெரிய வேண்டும். எந்தக் கடை, என்ன பிழை என்று விளக்கத் தெரிய வேண்டும். விற்பனையாளர் முன்னிலையில் அவரைப் பற்றிய முறையீடு போலத் தொனிக்காமல் பேசவும் தெரிய வேண்டும். அதே அழைப்பு அந்தக் கருவியிலிருந்தே போகுமானால், எந்தக் கடை, எந்த அட்டை, எந்தப் படியில் சிக்கல் என்பவை மறுமுனைக்கு முன்பே தெரிந்துவிடும். தரவு தன் வேலையைச் செய்துவிட, குரல் செய்ய வேண்டியது மனிதரோடு மனிதர் பேசுவது மட்டுமே.

* * *

நெல் கொள்முதலில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தொடங்கப்பட்டது. 2002 முதல் மத்திய அரசின் சார்பில் மாநிலமே நெல்லைக் கொள்முதல் செய்யும் முறை நடப்பில் உள்ளது. குறுவை, சம்பா, தாளடி அறுவடைக் காலங்களில் ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறக்கப்படும். தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சிப்பமாக எடையிட்டுத் தைத்து, பட்டியல் எழுத்தர் பதிவு செய்தால் பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. அறுவடையின்போது மழை கொட்டிய 2023 பிப்ரவரியில் அதை 20 வரை தளர்த்த வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் குறுவை நெல் எடுக்க ஆளும் இடமும் போதாமல் நிலைய வாசல்களிலும் சாலையோரங்களிலும் குவியலாய்க் கிடந்து மழையில் நனைந்து முளைவிட்டதைப் படுகை முழுவதும் பார்த்தது.

2021 முதல் உழவர்கள் இணையவழியில் முன்பதிவு செய்து வர வேண்டும் என்றார்கள். பின்னர் விரல்ரேகையும் கடவெண்ணும் வந்து சேர்ந்தன. நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. வெளியிடங்களில் மலிவாக வாங்கிய நெல்லை உழவர் பெயரில் கொண்டுவந்து கொட்டும் வணிகர்களைத் தடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உழவர்கள்தாம். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் ஓரிடத்தில் பதிவானால் முறைகேடு குறையும் என்பது உண்மை.

ஆனால் தஞ்சை மண்ணின் நில உறவு கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் நிறைந்த பகுதி இது. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுபவர் வேறொருவர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்த பிறகும், பதிவில் ஏறாத வாய்மொழிக் குத்தகை இன்றும் உயிரோடு இருக்கிறது. வாய்மொழி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தலைமுறைகளாக ஒரு குடும்பம் ஒரு வயலை உழுகிறது என்பதற்கு ஊரார் வாய்ச்சொல்லே சான்று. கருவியோ வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. அதற்கு வேண்டியது அடங்கல் எண்ணும் அதோடு பொருந்தும் பெயரும். பெயர் பொருந்தாதபோது அது ‘பொருந்தவில்லை’ என்கிறது. ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்ல உழவரிடம் நீண்ட கதை ஒன்று இருக்கிறது; அந்தக் கதையைக் கொள்ளும் கட்டம் எதுவும் திரையில் இல்லை. களத்தில் நெல் கிடக்கிறது, வானத்தில் கருமேகம். நிலவுடைமையாளரின் ஒப்புதலுக்காக அலைவதா, மழைக்கு முன் வணிகரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற முடிவை உழவர் அன்று மாலைக்குள் எடுத்தாக வேண்டும். யாரைத் தடுக்க இந்தப் பதிவு வந்ததோ, அவரிடமே சிறு குத்தகையாளரைக் கொண்டு சேர்ப்பதும் சில வேளைகளில் இதுவாகிவிடுகிறது.

* * *

இந்தப் பகுதியில் தொழில்நுட்பம் முதலில் வந்தபோது ஊமையாக வரவில்லை என்பதை நினைவுபடுத்த விரும்புகிறோம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுவைப் பகுதியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில், வில்லியனூரை நடுவமாகக் கொண்டு ஊர்களை வானொலி அலையால் இணைத்தார்கள். அந்த இணைப்பில் குரலும் தரவும் சேர்ந்தே போயின. வீராம்பட்டினத்து மீனவருக்குக் கடலின் அலை உயரம் பற்றிய செய்தி இணையத்திலிருந்து வந்தது. ஆனால் அது கரையில் ஒலிபெருக்கி வழியாகத் தமிழில் ஒலித்தது. எழுத்தறியாதவர் காதிலும் அது விழுந்தது. அதே நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2004 அக்டோபரில் தொடங்கிய கிராம வள மையங்களில் ஒன்று திருவையாற்றில் அமைந்தது. உழவர்கள் செயற்கைக்கோள் வழியாக வல்லுநர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள், விடை பெற்றார்கள். அதே 2004 ஜனவரியில் உழவர் அழைப்பு மையம் 1551 என்ற எண்ணோடு தொடங்கியது. அதுவும் முழுக்கப் பேச்சையே நம்பிய ஏற்பாடு.

கையடக்கக் கருவியின் வரலாற்றிலும் இதே கதைதான். பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி 2001இல் உலகுக்குக் காட்டிய ‘சிம்ப்யூட்டர்’ நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எழுத்தறியாத ஏழையும் பயன்படுத்தும் கணினி என்பது அதன் கனவு. திரையில் உள்ளதை இந்திய மொழிகளில் பேசிக் காட்டுவது அக்கனவின் நடுப்பகுதி. 2004இல் விற்பனைக்கு வந்தது, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, மறைந்துவிட்டது. அதைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஏழையின் கையில் கொடுக்கும் கருவி ஏழையோடு பேச வேண்டும் என்ற எண்ணம் அதை வடிவமைத்தவர்களுக்கு இருந்தது. 2017 வாக்கில் கையடக்கக் கருவி உண்மையாகவே ஒவ்வோர் ஊருக்கும் வந்து சேர்ந்தபோது அந்த எண்ணம் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. கருவி இப்போது ஏழையின் கையில் இல்லை. அவரைச் சரிபார்ப்பவர் கையில் இருக்கிறது. அது யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவரிடம் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

செலவு அதிகம், சாத்தியமில்லை என்ற விடையை இனி நம்புவதற்கில்லை. தேநீர்க் கடைகளைப் பாருங்கள். பத்து ரூபாய் வந்து சேர்ந்ததைத் தமிழில் உரக்கச் சொல்லும் சிறு பெட்டி ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு சிம் அட்டைதான். வணிகருக்குத் தன் காசு வந்ததைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று சந்தை ஒப்புக்கொண்டுவிட்டது. நியாயவிலைக் கடையில், ‘அரிசி இருபது கிலோ, பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் பதிவாயிற்று’ என்று கருவி உரக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாங்காத பொருளுக்குப் பதிவு நடந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது என்பது நீண்ட நாள் முறையீடு. அந்தக் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகனின் செல்பேசிக்குப் போகிறது. கடைக்கு வந்து நிற்கும் தாய்க்கு அது தெரிவதில்லை. கருவி வாய் திறந்து சொன்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் சாட்சி. அது பழைய மரக்காலின் குணம்.

சட்டமும் தடையாக இல்லை. இயந்திரங்களுக்கென்று வழங்கும் சிம் அட்டைகளுக்கு 13 இலக்க எண் வரிசையைத் தொலைத்தொடர்புத் துறை 2018இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம், அத்தகைய அட்டைகள் தவறாகப் பயன்படாமலிருக்கச் சில கட்டுப்பாடுகளையும் விதித்தது. முன்பே குறித்த முகவரிகளுக்கு மட்டும் தரவு. முன்பே குறித்த எண்களோடு மட்டும் பேச்சு. அலுவலகங்கள் இதை ஒரு பூட்டாகவே பார்த்திருக்கும். நாம் இதை ஒரு வாசலாகப் பார்க்கிறோம். ஊழியர் சொந்தக் கதை பேசிவிடுவார் என்ற அச்சத்துக்கு இதிலேயே விடை இருக்கிறது. கருவியிலிருந்து உதவி மையத்துக்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கும் மட்டும் அழைப்புப் போகும்படி அமைக்கலாம். வேறெங்கும் போகாது.

* * *

மறுப்புகள் சிலவற்றுக்கும் விடை சொல்ல வேண்டும். 34 ஆயிரம் கடைகளிலிருந்தும் அழைப்பு வந்தால் யார் எடுப்பது என்பது ஒன்று. எல்லாப் பரிமாற்றத்துக்கும் அழைப்பு வேண்டியதில்லை. கருவி மறுக்கும்போது மட்டும் வேண்டும். மறுப்புகள் சிலவே என்றால் அழைப்புகளும் சிலவாகவே இருக்கும். அழைப்புகள் சமாளிக்க முடியாத அளவு வருமென்றால், மறுக்கப்படுபவர்களும் அந்த அளவு இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அது தெரிய வருவதே ஒரு பயன்.

வலையே இல்லாத இடத்தில் குரல் மட்டும் எப்படிப் போகும் என்பது இன்னொன்று. நியாயமான கேள்வி. தரவு திணறும் மெலிந்த இரண்டாம் தலைமுறை அலையில்கூடக் குரல் பல வேளைகளில் போய்ச் சேரும் என்பது படுகையின் உள்ளூர்களில் செல்பேசி வைத்திருப்பவர்கள் அறிந்ததே. குரல் அந்தப் பழைய வலையில்தான் வளர்ந்தது. ஏர்டெல் போன்ற நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்திய பிறகு, நான்காம் தலைமுறையை அறியாத பழைய கருவிகள் அந்த மெலிந்த அலைக்கே இறங்க வேண்டும். அங்கே தரவு ஊர்ந்தாலும் பேச்சு ஓடும்.

எதுவுமே இல்லாத நாளும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தையொட்டிக் கரையைக் கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்களும் செல்பேசிக் கோபுரங்களும் தென்னைகளோடு சேர்ந்து சாய்ந்தன. மின்சாரம் திரும்ப நாள்கள், சில ஊர்களில் வாரங்கள் ஆயின. மக்களுக்கு உணவு மிகவும் தேவைப்படும் நாளும், கருவி முற்றிலும் செயலற்றுப் போகும் நாளும் ஒன்றாகவே வரும் என்பது அந்தப் புயலின் பாடம். ஆகவே கருவி இணைப்பில்லாமலே பதிந்து வைத்து, அலை வந்தபின் அனுப்பும் ஏற்பாடு ஒவ்வொன்றிலும் கட்டாயமாக இருக்க வேண்டும். அதற்கும் அடியில் ஒரு தாள் பதிவேடும் பேனாவும் இருக்க வேண்டும். குரல் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. தரவு தோற்கும் இடத்துக்கும் தாள் பதிவேட்டுக்கும் நடுவே உள்ள படி அது. இன்று ஏணியில் அந்தப் படி மட்டும் உடைந்திருக்கிறது.

வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் திட்டம் வந்துவிட்டதே என்பது மூன்றாவது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாசலிலேயே பொருள் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் வண்டியோடு கருவியும் தராசும் போகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். கடை ஓரிடத்தில் இருக்கும்வரை அலை கிடைக்கும் மூலையை விற்பனையாளர் அறிந்திருப்பார். வண்டி தெருத்தெருவாகப் போகும்போது ஒவ்வொரு வாசலும் புதிய இடம். ரேகை மிகவும் தேய்ந்த கைகளும் அந்த வாசல்களில்தான் இருக்கின்றன. குரலின் தேவை அங்கே குறையவில்லை, கூடுகிறது.

நாம் கேட்பது மிகச் சிறியது. அடுத்த முறை இக்கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். பதிவான பொருளையும் அளவையும் கருவி தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். கருவி மறுத்தால், ஒரே பொத்தானில் உதவி மையத்தோடு பேச முடிய வேண்டும். அந்தப் பொத்தான் உழவரும் அட்டைதாரரும் அழுத்தும்படி அவர்கள் பக்கம் இருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்கு, ‘கொடுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். மூன்றாவது வரி இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் ஒலி. கொள்முதல் நிலையத்திலும் இதே மூன்று வரிகள்தாம். அங்கே ஊரார் வாய்ச்சொல்லைக் கேட்டுத் தற்காலிகமாகப் பதிய ஒப்புதல் தரும் வருவாய்த் துறை அலுவலர் மறுமுனையில் இருந்தால் போதும். நெல் நனையாமல் உள்ளே போகட்டும். பெயர்ப் பொருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.